தேக்காவில் இரண்டு கோயில்கள், ஒரு பழைய வாதம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். துளசி மாலையும் அர்ச்சனைத் தட்டுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள். தரிசனம் முடிந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் இன்னொரு கோயில். வாசலில் புலி உருவம் காவல் காக்கிறது. உள்ளே 15 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் விளக்குகள் ஒளிர, புத்தர் அமர்ந்திருக்கிறார். சாக்கிய முனி புத்தகயா கோயில் என்பது அதன் பெயர். ஊரார் வைத்த பெயர் ஆயிரம் விளக்குக் கோயில்.

கையில் பிரசாதப் பொட்டலத்துடன் நடந்துவரும் பிள்ளை அந்த வாசலில் நின்று, "இது நம்ம சாமியாம்மா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "அது சீனவங்க கோயில்" என்பது ஒன்று. "புத்தரும் பெருமாளோட அவதாரம்தான், கும்பிட்டுக்க" என்பது மற்றொன்று.

முதல் பதில் வரலாற்றை மறந்த பதில். இரண்டாவது, அன்போடு சொல்லப்பட்டாலும், வரலாற்றை விழுங்கிவிட்ட பதில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்து சமயமும் பௌத்தமும் 2,500 ஆண்டுகளாகப் பேசியும் சண்டையிட்டும் வந்த கதை இருக்கிறது. அந்தச் சண்டையில் பெரும் பகுதி தமிழிலேயே நடந்தது.

முதலில் அந்தச் "சீனவங்க கோயில்" யாருடையது என்று பார்ப்போம். 1927ல் இதை நிறுவியவர் வுத்திசாரா என்னும் தாய்லாந்துத் துறவி. கட்டடத்துக்குப் பொருள் தந்தவர்கள் டைகர் பாம் தைலத்தால் செல்வம் சேர்த்த ஆவ் சகோதரர்கள். புத்தகயா என்ற பெயரோ பீகாரிலிருந்து வந்தது. பீடத்தைச் சுற்றிலும் சித்தார்த்தரின் வாழ்க்கைக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. கோயிலுக்குள் பிரம்மாவுக்கும் பிள்ளையாருக்கும்கூட இடம் இருக்கிறது. தாய்லாந்துத் துறவி, சீனர் கொடை, இந்தியக் கதை, சிங்கப்பூர் நிலம். ஒற்றைச் சொல்லில் அடையாளம் சொல்ல இந்தக் கோயில் யாருக்கும் வசதியானதாக இல்லை.

நிறுவனர் இல்லாத சமயம்

சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் 1855ல் நரசிம்மப் பெருமாள் கோயிலாகத் தொடங்கியது. ஆனால் அங்கே வழிபடப்படும் சமயம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆண்டு சொல்ல முடியாது. இந்து சமயத்துக்கு ஒரு நிறுவனர் கிடையாது, ஒரே வேதநூல் என்றும் கிடையாது. சிந்து நதிக்கு அப்பால் வாழ்ந்தவர்களைப் பாரசீகர் அழைத்த பெயர்தான் 'இந்து'. அதை ஒரு சமயத்தின் பெயராக ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் பரவலானது 19ஆம் நூற்றாண்டில். பெயர் புதியது. உள்ளே இருப்பவை பல காலத்து அடுக்குகள்.

கி.மு. 1500 முதல் 1000 வரையிலான காலத்தைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதும் ரிக் வேதத்தில் இந்திரன், அக்னி, வருணன் பெரிய தெய்வங்கள். வழிபாடு என்பது வேள்வி. பிறகு வந்த உபநிடதங்களில் கேள்வியே மாறுகிறது. மழையும் மாடும் கேட்ட மனிதன், நான் யார், இறந்தபின் எங்கே போகிறேன் என்று கேட்கிறான். வினை, மறுபிறப்பு, வீடுபேறு ஆகிய கருத்துகள் துலக்கம் பெறுவது அங்கேதான். அதற்கும் பிறகு பக்தி. அதனோடு ஊர்த் தெய்வங்கள், காவல் தெய்வங்கள், அம்மன்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827ல் எழுந்த மாரியம்மன் கோயிலில் கும்பிடுகிறவருக்கு ரிக் வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவரும் இந்து, வேதம் ஓதுகிறவரும் இந்து.

பௌத்தம் அப்படியல்ல. அதற்கு ஒரு மனிதர் உண்டு. இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் பிறந்த சாக்கிய குலத்துச் சித்தார்த்தர், கி.மு. ஆறாம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வீட்டைத் துறந்தார், உடலை வருத்தினார், அதுவும் வழியல்ல என்று கண்டு, கயையில் அரச மரத்தடியில் ஞானம் பெற்றார், சாரநாத்தில் முதல் உரை நிகழ்த்தினார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லும்பினிக்கு வந்த அசோகர் அங்கே நட்ட கல்தூண் இன்றும் நிற்கிறது.

அவர் சொன்னதைச் சுருக்கினால் நான்கு உண்மைகள். வாழ்வில் துக்கம் இருக்கிறது. அதற்கு வேட்கையே காரணம். வேட்கை அற்றால் துக்கம் அறும். அதற்கு எட்டு அங்கம் கொண்ட நெறி உண்டு. மருத்துவர் நோயைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, குணமாகும் என்று சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுப்பதுபோல என்று பௌத்தர்கள் விளக்குவார்கள். இதில் கடவுள் எங்கே வருகிறார்? வரவில்லை. வேதத்தின் அதிகாரத்தை அவர் ஏற்கவில்லை. வேள்வியில் உயிர் கொல்வதை ஏற்கவில்லை. பிறப்பால் ஒருவர் உயர்ந்தவராகிறார் என்பதையும் ஏற்கவில்லை.

பிரியும் இடம் எது?

இரண்டு சமயங்களுக்கும் பொதுவானவை ஏராளம். வினை உண்டு, மறுபிறவி உண்டு, பிறவிச் சுழலிலிருந்து விடுதலை வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தின் கீழ்தான் நம் ஊர்களில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். முருகனுக்கு உகந்த வைகாசி விசாகமும் சிங்கப்பூரில் பொது விடுமுறையாகக் கொண்டாடப்படும் விசாக தினமும் ஒரே பருவத்தில் வருகின்றன. 'வேசாக்' என்ற சொல்லே வைசாகம், நம் வைகாசி.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் பலரும் "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வியில் இரண்டும் வேறு வேறு திசையில் போகின்றன. பிறவிக்குப் பிறவி போவது எது?

சைவ சித்தாந்தம் படித்தவர் உடனே சொல்வார்: பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. பசுவாகிய உயிர் அழிவதில்லை. அது பாசத்தில் கட்டுண்டு பிறந்து, பதியாகிய இறைவன் அருளால் விடுபடுகிறது. வைணவருக்கும் உயிர் அழியாதது, அது பெருமாளுக்கு உடைமை. அத்வைதிக்கு ஆன்மாவே பிரம்மம். மூவரும் தங்களுக்குள் மோதிக்கொள்ளட்டும், ஆன்மா உண்டு என்பதில் மூவரும் ஒரே கட்சி.

புத்தர் எதிர்க்கட்சி. நிலையான ஆன்மா என்று ஒன்று கிடையாது என்றார். உடல், உணர்ச்சி, எண்ணம் ஆகியவற்றின் ஓட்டத்துக்கே 'நான்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் மறுபிறவி எடுப்பது யார்? கிரேக்க மன்னர் மிலிந்தருக்கு நாகசேனர் என்ற துறவி கொடுத்ததாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம். முதல் விளக்கிலிருந்து எந்தப் பொருளும் இரண்டாவதற்குத் தாவவில்லை. ஆனாலும் முதலாவது இல்லாமல் இரண்டாவது எரியாது. ஆயிரம் விளக்குக் கோயிலில் நின்று இதை நினைத்துப் பார்ப்பது சுகமாகத்தான் இருக்கும்.

சைவர்கள் இதைச் சும்மா விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் நூலின் பரபக்கம் என்னும் பகுதி, பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுக்கிறது. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்றால் செய்தவன் ஒருவன், பலனை அனுபவிக்கிறவன் வேறொருவன் என்று ஆகிவிடாதா என்பது சைவர் தரப்பின் கேள்வி. நல்ல கேள்வி. எதிராளியின் கொள்கையை அவனே சொல்வதுபோல் முழுமையாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த நூல் மறுக்கிறது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பழக்கத்தைக் காண்பது அரிது.

அவதாரம் என்ற பதிலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தசாவதாரப் பட்டியல்கள் சிலவற்றில் புத்தர் ஒன்பதாவதாக இருப்பது உண்மை. வட இந்தியாவில் அது பரவலான வழக்கு. தமிழ்நாட்டு வைணவ மரபில் பெரும்பாலும் அந்த வரிசையில் பலராமர் இடம்பெறுகிறார், புத்தர் இல்லை. அதைவிட முக்கியம், புத்தரை அவதாரமாக ஏற்ற புராணங்கள் எல்லாமே அவரைப் புகழ்வதற்காக ஏற்கவில்லை. அசுரர்களை வேத வழியிலிருந்து திசைதிருப்ப விஷ்ணு எடுத்த மயக்க வடிவம் என்று சொல்லும் புராணங்கள் உண்டு. ஒருவருக்கு நம் வீட்டில் நாற்காலி போட்டுவிட்டு, அவர் பேசியதெல்லாம் பொய் என்று சொல்வதுபோன்ற உபசாரம் அது. பௌத்தர்கள் இந்த அவதாரப் பட்டத்தை விரும்பாததில் வியப்பென்ன?

தமிழ் பேசிய பௌத்தம்

சீனர் கோயில் என்ற பதிலுக்கு மறுமொழி தமிழ்நாட்டின் கடற்கரையில் இருக்கிறது. ஐம்பெருங் காப்பியங்களில் மணிமேகலையும் குண்டலகேசியும் பௌத்த நூல்கள். மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்டு, கடைசியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். அந்தக் கதையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து அரசாள்வது சாவகத்தில், அதாவது நம் பக்கத்து ஜாவா வட்டாரத்தில்! நாளந்தாப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கிய தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர்.

நாகப்பட்டினத்துக்கு வருவோம். சிங்கப்பூர்த் தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஊர் அது. ஸ்ரீவிஜய மன்னர்கள் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார்கள். அவர்களுடைய பேரரசின் மையம் சுமத்ராவின் பலெம்பாங். சிங்கப்பூருக்குப் பெயர் வைத்ததாக மலாய் மரபு சொல்லும் சாங் நீல உத்தமரும் அந்தப் பலெம்பாங்கிலிருந்து வந்தவர்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சைவர் ராஜராஜ சோழன், சுமார் 1006ல், அந்தப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக எழுதி வைத்தார். 21 செப்பேடுகளில் இந்தச் செய்தி இருக்கிறது. பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் அவை லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

அந்தக் கொடையை உறுதிசெய்த மகன் ராஜேந்திர சோழன், 1025ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பினார். கடாரம் வீழ்ந்தது. விகாரம்? அதற்கு ஒன்றும் நேரவில்லை. 1090ல் முதலாம் குலோத்துங்கன் அதன் உரிமைகளை மறுபடியும் செப்பேட்டில் எழுதித் தருகிறார். போர் ஒரு கணக்கு, கோயில் கொடை வேறு கணக்கு என்று அந்தக் காலத்து அரசர்கள் வைத்திருந்தார்கள் போலும். வணிகமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. கடல் கடந்து வந்த வணிகர்கள் கும்பிட ஓர் இடம் இருந்தால்தான் துறைமுகத்துக்குக் கப்பல் வரும்.

எல்லாமே இப்படி இனிமையாக இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். தேவாரப் பாடல்களில் சமணரும் பௌத்தரும் கடுமையாகச் சாடப்படுகிறார்கள். பெருமாள் கோயில்களில் ஆழ்வார்கள் வரிசையில் நாம் வணங்கும் திருமங்கையாழ்வார், நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து வந்து அதைக்கொண்டு திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகளே பெருமையோடு சொல்கின்றன. பெரியபுராணத்தில் இதற்கு நேர் மாறான ஒருவரும் இருக்கிறார். சாக்கிய நாயனார். காஞ்சியில் பௌத்தம் பயின்று, சிவனே மெய்ப்பொருள் என்று தெளிந்த பிறகும் பௌத்தத் துறவியின் ஆடையைக் களையவில்லை. பூவுக்குப் பதிலாகத் தினமும் ஒரு கல்லைச் சிவலிங்கத்தின் மீது எறிந்து வழிபட்டார். 63 நாயன்மார்களில் அவருக்கும் இடம் கிடைத்தது.

மன்னர் ஆதரவு கோயில்கள் பக்கம் திரும்பியது, பக்தி இயக்கம் மக்களை ஈர்த்தது, மடங்களை நம்பியிருந்த பௌத்தம் மெல்ல மெல்ல மெலிந்தது. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867ல் இடிக்கப்பட்டது. 1856க்குப் பிறகு அந்த மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350.

மரத்தடியில் கிடந்த புத்தர் சிலைகள் சில வேறு பெயர்களில் கும்பிடப்பட்டன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் வழிபட்டுவந்த சிலையைத் தொல்லியல் துறை ஆராய்ந்து, அது புத்தர்தான் என்று சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்று, அந்த இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்க வேண்டும், இனி பூசை கூடாது என்று உத்தரவிட்டது. வரலாற்றின்படி நீதி. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தவர்களின் மனமும் ஒரு வரலாறுதானே?

மறந்தது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது ஊரில் பௌத்தம் இல்லை. மாரியம்மனையும் முருகனையும் பெருமாளையும் கொண்டுவந்தார்கள். புத்தரை அவர்கள் இங்கே சீனரின் கடவுளாக, தாய்லாந்துக்காரரின் கடவுளாக, சிங்களவரின் கடவுளாகச் சந்தித்தார்கள். செயின்ட் மைக்கேல்ஸ் ரோட்டில் 1952ல் உருவான ஸ்ரீ லங்காராமய விகாரம் தேக்காவிலிருந்து தொலைவில் இல்லை. ஆனால் 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த போர், பௌத்தம் என்ற சொல்லையே பல தமிழர் காதில் கசப்பாக்கிவிட்டது. புத்தர் சொன்னதற்கும் அவர் பெயரால் நடந்த அரசியலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கும் பொறுமை, உறவினரை இழந்தவர்களுக்கு எளிதில் வராது. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தமிழர் பௌத்தத்தைத் திரும்ப எடுத்த கதையும் உண்டு. 1898ல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை நடத்தினார். பிறப்பால் தாழ்த்தப்பட்ட மக்கள் முற்காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்களே என்பது அவர் வாதம். அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது 1956ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் அந்தக் குரல் எழுந்துவிட்டது. அவர்களுக்குப் பௌத்தம் தத்துவ ஆராய்ச்சி அல்ல, நிமிர்ந்து நடக்கும் வழி. "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும்போது அந்த மக்கள் எதற்காக ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியே அழிந்துபோகிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, இந்துக்கள் 5 விழுக்காடு. ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் போய்வரும் அண்டை வீட்டாரின் சமயம் நம் மொழியில் காப்பியம் படைத்த சமயம் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குப் போனால் 1870ல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1884ல் தோன்றிய குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. குவான் இம் சன்னிதியில் வேண்டிக்கொண்டு வரும் சீன மூதாட்டி, கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார். அவரிடம் ஆன்மா உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் குவான் இம், வடமொழியில் அவலோகிதர் என்று அழைக்கப்படும் போதிசத்துவர். சீனாவில் காலப்போக்கில் பெண் வடிவம் பெற்ற கருணைத் தெய்வம். 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தப் புலவர் வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணம் எழுதினார். அகத்தியருக்குத் தமிழைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று அவர் அதில் சொல்கிறார். சைவ மரபில் அந்தப் பெருமை சிவனுக்கும் முருகனுக்கும் உரியது. புத்தமித்திரர் சொல்லும் பெயர் அவலோகிதர். ஆயிரம் விளக்குக் கோயிலுக்கு எதிர்ப்புறம், 1917ல் நிறுவப்பட்ட லியோங் சான் சீ கோயிலில் மூலத் தெய்வமாக இருப்பதும் அவரே. பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும் பிள்ளை அடுத்த முறை கேட்டால், சாலையின் இரு பக்கமும் கைகாட்டிப் பதில் சொல்ல விஷயம் இருக்கிறது.